போக வர டிக்கட்டை விட ஒரு வழி டிக்கட் ஏன் கூட?

கேள்வி கல்முனைப் பக்கமிருந்து வந்திருக்கிறது: கொழும்பிலிருந்து டோஹாவுக்கு ஒரு வழிக்குச் சொல்லும் காசில் சில நேரம் போக வர டிக்கட்டே எடுக்கலாம். காலையில் ஏஜென்சியில் சொன்ன விலை பின்னேரம் ஏறிவிடுகிறது. ஒரே வரிசையில் இருக்கிற மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அது தூரக் கணக்கு இல்லை. அக்கரைப்பற்று – கொழும்பு பஸ்ஸுக்குப் போல இத்தனை மைலுக்கு இவ்வளவு என்று பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

எக்கனமி என்று நாம் சொல்லும் ஒரே பகுதிக்குள் பத்துப் பன்னிரண்டு விலை வகுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 'வை' என்றால் பெரும்பாலும் முழு விலை. மற்ற எழுத்துகளின் வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். ஏஜென்சிக்காரரின் திரையில் 'வை 9, எம் 9, கே 4, கியூ 2' என்று ஓடும். 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கிறது என்று அர்த்தம். கியூ 2 என்றால் அந்த மலிவு விலையில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் கொடுப்பார்கள். விமானத்தில் எண்பது சீட் காலியாகக் கிடந்தாலும் அந்த விலையில் இரண்டுதான். மிச்சத்தைக் கடைசி நேரத்தில் அவசரமாக வருகிறவருக்கென்று பிடித்து வைக்கிறார்கள். மலிவு சீட்டை எதுவரை விற்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கான சூத்திரத்தை 1972 இல் பிரிட்டனின் பிஓஏசி விமானக் கம்பனியில் இருந்த கென் லிட்டில்வுட் எழுதிக் காட்டினார். இன்றைய கணினிகள் அதையே பல மடங்கு பெரிதாக்கிச் செய்கின்றன.

குடும்பமாகப் போகிறவர்கள் காசு விடுவது இங்கேதான். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நான்கு பேருக்கும் இடமுள்ள வகுப்பின் விலையைத்தான் கணினி காட்டும். ஒரு கணக்குக்கு கியூ 45,000 ரூபா, இரண்டு சீட்; கே 58,000 ரூபா, நான்கு சீட் என்று வையுங்கள். சேர்த்துக் கேட்டால் 2,32,000. இரண்டு இரண்டாகப் பிரித்து எடுத்தால் 90,000மும் 1,16,000மும், மொத்தம் 2,06,000. 26,000 மிச்சம். ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், பிறகு இரண்டு, பிறகு நான்கு. விலை எங்கே குதிக்கிறது என்று தெரியும். பிரிக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், பிள்ளைகளைத் தனிப் பதிவில் போடக் கூடாது. விமானம் ரத்தானால் இரண்டு பதிவையும் வேறு வேறு விமானத்துக்கு மாற்றிவிடவும் கூடும். அதனால் இரண்டு பதிவு எண்ணையும் கம்பனிக்குச் சொல்லி இணைத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

காலை விலை பின்னேரம் ஏறியதற்கும் இதுவே காரணம்: இடையில் யாரோ அந்த இரண்டு சீட்டையும் எடுத்துவிட்டார்கள். மறுபக்கமும் நடக்கும். ஏஜென்சிகள் காசு கட்டாமல் நேரக்கெடுவுடன் பிடித்து வைத்த சீட்டுகள் கெடு முடிந்ததும் பழைய வகுப்புக்கே திரும்பும், விலை இறங்கும். நீங்கள் திரும்பத் திரும்பத் தேடியதால் விலை ஏறியது என்பார்கள். அதை நம்பி ஒவ்வொரு தடவையும் போனை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தேடல் தளங்கள் சேமித்து வைத்த பழைய விலையைக் காட்டுவதும், கட்டப்போகும் நேரத்தில் உண்மை விலை வருவதும் சாதாரணம்.

இனி ஒரு வழி விவகாரம். பெரிய கம்பனிகள் மலிவு விலைகளைப் பெரும்பாலும் போக வர என்றே பதிந்து வைக்கின்றன. திரும்பும் திகதி தெரிந்தவர் விடுமுறைக்காரர், விலை பார்த்து வருகிறவர். ஒரு வழி கேட்பவர் விசா கையில் வந்து உடனே போக வேண்டியவர், எவ்வளவென்றாலும் கட்டுவார் என்பது அவர்கள் கணக்கு. இரக்கமில்லாத கணக்குத்தான். ஃப்ளைதுபாய், ஏர் அரேபியா, இண்டிகோ போன்ற மலிவுக் கம்பனிகள் வழமையாக ஒவ்வொரு வழிக்கும் தனி விலை போடுகின்றன. ஒரு வழிக்கு முதலில் அவற்றைப் பாருங்கள், ஆனால் லக்கேஜ் எத்தனை கிலோ சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் ஒப்பிட வேண்டாம்.

போக வர எடுத்து, போகும் பாதியை விட்டுவிட்டு வரும் பாதியைப் பெரும்பாலும் பாவிக்க முடியாது. முதல் பயணத்துக்கு ஏறாவிட்டால் பெரிய கம்பனிகளில் வழமையாக மிச்சமெல்லாம் ரத்தாகும். திரும்பும் பாதியை விடுவது பலர் செய்கிற வேலை, என்றாலும் சில கம்பனிகளின் விதி அதற்கும் வித்தியாசக் காசு அறவிட இடம் தருகிறது.

புறப்படும் இடமும் விலையை மாற்றும். கணவர் டோஹாவிலிருந்து லீவில் வந்து போக எடுக்கும் டிக்கட்டும், மனைவி இங்கிருந்து டோஹா போய்வர எடுக்கும் டிக்கட்டும் ஒரே விமானங்கள்தான். ஆனால் ஜூலையில் வளைகுடாப் பள்ளிகள் மூடும்போது கூட்டம் கொழும்பை நோக்கி வருகிறது, எதிர்த்திசையில் சீட் கிடக்கிறது. பிள்ளைகளை விசிட் விசாவில் அனுப்புகிறவர்களுக்கு அந்த நாட்கள் வாசி. ஓகஸ்ட் கடைசியில் எல்லாம் தலைகீழ். ஹஜ், பெருநாள் காலத்தில் ஜித்தா, ரியாத் பக்கம் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், முந்தி எடுப்பதுதான் வழி.

ஏஜென்சியில் "தம்பி, எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல் எந்தக் கிளாஸ், திகதி மாற்ற எவ்வளவு, எத்தனை கிலோ, திருப்பிக் கொடுத்தால் என்ன வரும் என்ற நான்கையும் கேளுங்கள். மலிவு எழுத்துகளில் திகதி மாற்றும் கட்டணத்தோடு அன்றைய விலை வித்தியாசமும் சேரும், சில வேளை புதிய டிக்கட்டை விடக் கூட வரும்.

மலிவு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும். '15ஆம் திகதி 00.40' என்றால் 14ஆம் திகதி இரவுதான். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ரோட்டால் ஏழெட்டு மணித்தியாலம். 14 பகலிலேயே வெளிக்கிட வேண்டும். 15 இரவு போய் நின்றால் டிக்கட் செத்துவிடும், பெரும்பாலும் திரும்பும் பாதியும் சேர்த்து. அப்படி நடந்தாலும், பாவிக்காத விமான நிலைய வரியைப் பெரும்பாலான கம்பனிகளிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.