புகை போட்ட கடிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நோய் பரவும் என்று பயந்து அந்தக் காலத்தில் வினிகரில் முக்கியெடுத்த பழைய கடிதம் ஒன்றைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். இந்த மாதம் தபால் பையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

கேள்வி: கடிதம் மூலம் பிளேக் பரவும் என்று உண்மையிலேயே நம்பினார்களா?

நம்பினார்கள். அதுவும் பல நூற்றாண்டுகள்.

1377இல் ரகூசா நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்), நோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. 1423இல் வெனிஸ், பிளேக் நோயாளிகளைத் தனியே வைக்க ஒரு தீவில் லாசரெட்டோ என்னும் நிலையம் அமைத்தது. பின்னாளில் வருபவர்களை நிறுத்தி வைக்கும் இடங்களுக்கும் அதே பெயர். பிற்பாடு மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் சரக்குகளையும் இரண்டாகப் பிரித்தன. பஞ்சு, கம்பளி, தோல் எல்லாம் நோயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலோகம், மரம் பிடிக்காது. காகிதம் பாவம், முதல் பட்டியலில் மாட்டிக்கொண்டது.

30 நாள் பிற்பாடு 40 நாளானது. ஆனால் வியாபாரியால் கடிதத்துக்காக அத்தனை நாள் காத்திருக்க முடியாது. அதனால் ஒரு சமரசம்: ஆளை லாசரெட்டோவில் உட்கார வைத்துவிட்டு, அவர் கொண்டுவந்த கடிதத்தை மட்டும் இடுக்கியால் வாங்கி, வினிகரில் முக்கியோ கந்தகப் புகை காட்டியோ அனுப்பிவிடுவது.

இத்தனை பாடும் வீண்தான். பிளேக்கைப் பரப்புவது எலித் தெள்ளுப்பூச்சி என்று பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் காட்டினார். காலரா தண்ணீரில் வருவது, மஞ்சள் காய்ச்சல் கொசுவால் வருவது. மூன்று வழக்கிலும் கடிதம் நிரபராதி. இதற்காக அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. 2020இல் வீட்டுக்கு வந்த பார்சலைச் சானிடைசர் போட்டுத் துடைத்தவர்கள்தானே நாம்?

கேள்வி: தாத்தாவின் சேகரிப்பில் 1830களின் பிரெஞ்சுக் கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு வெட்டுகள். சுத்திகரித்ததுதானா, எப்படித் தெரிந்துகொள்வது?

விரித்து வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். பழைய மடிப்புக் கோடுகளிலேயே மெல்ல மடியுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு வைத்து அனுப்புவார்கள். புகை உள்ளே போக வேண்டும் என்று மடித்த கடிதத்தின் மேலேயே உளி வைத்துக் குத்தினார்கள். ஆகவே வெட்டு எல்லா மடிப்புகளையும் துளைத்திருக்கும். மடித்தால் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். விரித்தால் தாளெங்கும் சிதறித் தெரிய வேண்டும். ஒரே அடுக்கில் மட்டும் வெட்டு இருந்தால் யாரோ பிற்காலத்தில் கத்தி பட வைத்ததுதான்.

அடுத்தது, வெட்டின் ஓரம். தாளோடு சேர்ந்து அதுவும் பழுத்திருக்க வேண்டும். வெள்ளையாக நார் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். விலை போகாத சாதாரணக் கடிதத்தில் புதிதாக இரண்டு வெட்டுப் போட்டு விற்பது, கள்ள முத்திரை குத்துவதைவிடச் சுலபம்.

அப்புறம் வழி. பிளேக் அடிக்கடி கண்ட கிழக்குத் துறைமுகங்களான கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்), ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்), அலெக்சாந்திரியாவிலிருந்து மார்செய்க்கோ லிவோர்னோவுக்கோ மால்டாவுக்கோ வந்த கடிதம் என்றால் நம்பலாம். தரைவழியாக ஒட்டோமான் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் செம்லினில் (இன்று பெல்கிரேடின் ஒரு பகுதி) நுழைந்ததும் அப்படியே. 1831இல் காலரா வந்தபோது பிரஷ்யாவிலும் கடிதங்களுக்குத் துளையிட்டுப் புகை போட்டார்கள். ஆனால் லண்டனுக்குள்ளேயே போன 1820 கடிதத்தில் வெட்டு இருந்தால் அதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

எல்லாத் துளையும் நோய்த் துளை அல்ல. சுத்திகரிப்புக்காக முள் பதித்த கருவியால் குத்தியது வரிசையாகப் பல சிறு துளைகளாக இருக்கும். நடுவில் ஒரே ஒரு துளை என்றால், அலுவலகத்தில் கம்பியில் குத்தி வைத்த பழைய தாள். பூச்சி தின்றது கோணல்மாணலாகப் போகும். பழுப்புக் கறையை மட்டும் வைத்து வினிகர் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

அரக்கையும் எண்ணிப் பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் உடைத்துத் திறந்த கடிதத்தைத் தங்கள் முத்திரை வைத்து மறுபடி ஒட்டுவார்கள். அனுப்பியவருடையது ஒன்று, நிலையத்துடையது ஒன்று என இரண்டு அரக்கு இருந்தால் நல்ல சான்று. திறக்காமல் மேலே மட்டும் சுத்தம் செய்த சில இடங்களில் இத்தாலிய மொழியில் 'வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு' என்றே முத்திரை குத்தினார்கள். இவ்வளவு நேர்மையான அரசாங்க முத்திரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அழகான முத்திரைக்கே காசு கொடுக்கிறார்கள். என் பார்வை வேறு. முத்திரையே இல்லாமல் வெட்டும் கறையுமாக, எழுதிய தேதியும் கைக்கு வந்த தேதியும் குறித்த கடிதம் கிடைத்தால் அதை எடுப்பேன். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் கப்பல், லாசரெட்டோ, காத்திருப்பு எல்லாம் இருக்கின்றன.

கேள்வி: இதையெல்லாம் கையால் தொடலாமா? கிருமி இருக்காதா?

தாராளமாகத் தொடலாம். பிளேக் கிருமிக்கும் காலரா கிருமிக்கும் காய்ந்த தாளில் நூறாண்டு உயிரோடிருக்கும் சக்தி இல்லை. பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. ஈரவாடை அடித்தால் தனியாக வையுங்கள்.

கேள்வி: இதை முறையாக ஆராய்ந்தவர்கள் உண்டா?

உண்டு. அவர்களில் கார்ல் மேயரை எனக்குப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர், பிளேக்கையே ஆராய்ந்தவர். நாடு நாடாக இந்தக் கடிதங்களின் அடையாளங்களைத் தொகுத்து 1962இல் பெரிய நூலாக வெளியிட்டார். பகலில் கிருமி, ஓய்வில் கிருமிக்குப் பயந்தவர்களின் கடிதம்!

கேள்வி: இன்றைய கடிதங்களில் இப்படிச் சேகரிக்க ஏதாவது இருக்கிறதா?

2001 கடைசியில் வாஷிங்டன் அரசு அலுவலகங்களுக்குப் போன கடிதங்களைத் தேடுங்கள். அந்த ஆண்டு ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்களால் அமெரிக்காவில் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். இந்த முறை பயம் நியாயமானது, கடிதமே ஆயுதம். அதன் பிறகு அங்கே போகும் தபாலை எலக்ட்ரான் கற்றையால் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். தாள் மஞ்சளாகி மொறமொறவென்று உடையும், உறையின் பிளாஸ்டிக் ஜன்னல் சுருங்கியிருக்கும். எங்கிருந்து கிடைத்தது, யார் கொடுத்தது என்ற விவரத்தைத் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். கடிதத்தின் மேல் பென்சிலால்கூட எழுதாதீர்கள்.