கேளுங்க, சொல்றேன்: மூக்குத்திப்பூவும் மொபைல் கேமராவும்

போன இதழ்ல உள்பக்க அட்டையில முழுப் பக்கத்துக்கு ஒரு நெருஞ்சிப்பூ போட்டோ போட்டிருந்தோம்ல, அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் கொஞ்சநஞ்சம் இல்ல. "இது நெருஞ்சியா, நம்பவே முடியல"ன்னு பாதிப் பேரு, "முள்ளுச்செடிக்கு ஒரு முழுப் பக்கமா"ன்னு மீதிப் பேரு. அதனால இந்தத் தடவ மத்த கேள்விய எல்லாம் ஓரமா வெச்சுட்டு, களைப்பூ, காட்டுப்பூ, அத போட்டோ எடுக்கற சமாச்சாரம் மட்டும்.

அண்ணே, நெருஞ்சி எங்க கரிசக்காட்டுல மிதிச்சுட்டுப் போற செடி. உங்க போட்டோல மட்டும் எப்படி அப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க, எடிட்டிங் தான?
வாசகர், விளாத்திகுளம்

வெளிச்சத்த லேசா சரி பண்ணதோட சரி, வேற ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. வித்தியாசம் எல்லாம் உயரத்துல இருக்கு. நாம நெருஞ்சிய அஞ்சரை அடி மேல இருந்து பாக்குறோம், அது பூத்தா ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், மேல இருந்து பாத்தா பச்சைக்கு நடுவுல ஒரு மஞ்சப் புள்ளி, அவ்ளோதான். அந்தப் படம் எடுத்தவரு தரையில சாக்கு விரிச்சுக் குப்புறப் படுத்து, லென்ஸ பூவோட மட்டத்துக்கே கொண்டுபோய் எடுத்திருக்காரு. அப்படி எடுக்கும்போது பூவுக்குப் பின்னாடி மண்ணு வராது, தூரத்துல இருக்கற வயலும் வானமும் கலங்கிப்போய் ஒரே நிறமா வந்து நிக்கும், அதுல அஞ்சு இதழும் தனியா எடுத்து வெச்ச மாதிரி தெரியும். நாளைக்குக் காலைல உங்க காட்டுல ஒரு தடவ படுத்துப் பாருங்க, ஆனா சாக்கு இல்லாம படுக்காதீங்க, நெருஞ்சி முள்ளப் பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

எங்கிட்ட கேமரா கிடையாது அண்ணா, பன்னெண்டாயிரம் ரூபா போன்தான். கிட்டக் கொண்டுபோனா எல்லாமே மங்கலா வருது. புது போன் வாங்கணுமா?
வாசகி, தஞ்சாவூர்

வேணாம் தங்கச்சி, மொதல்ல கொஞ்சம் பின்னாடி வாங்க. இதுலதான் முக்கால்வாசிப் பேரு மாட்டிக்கறாங்க, சின்னப் பூன்னதும் போன அதுமேல ஒட்டவெச்சுடறது. போனோட மெயின் கேமராவுக்கு ஒரு குறைஞ்சபட்ச தூரம் இருக்கு, அதுக்குள்ள போனா ஃபோகஸ் பிடிக்கவே பிடிக்காது, பல போனுக்கு அது அரை சாணுல இருந்து ஒரு சாண் வரைக்கும் வரும். அதனால ஒரு சாண் தள்ளி நின்னு 2 எக்ஸ் ஜூம் வெச்சு எடுத்துட்டு அப்புறம் க்ராப் பண்ணிக்கோங்க, கிட்டப் போய் எடுத்த மங்கல் படத்த விட நூறு மடங்கு தேவல. உங்க போன்ல சின்னதக் கிட்ட இருந்து எடுக்கன்னு "மேக்ரோ"ங்கற பேர்ல தனியா ஒரு 2 மெகாபிக்சல் கேமரா இருக்கலாம், விளம்பரத்துக்காக வெச்சது, அத மறந்துடுங்க. விலை கூடின போன்ல அல்ட்ரா வைடு கேமராலயே ஆட்டோ ஃபோகஸ் குடுத்திருப்பாங்க, அது ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்டப் போனாலும் பிடிக்கும், ஆனா அவ்ளோ கிட்டப் போனா போனோட நிழலே பூமேல விழும், அது வேற ரோதனை. காசு செலவு பண்ணியே ஆகணும்னா கிளிப் மாதிரி மாட்டற மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, பழக அது போதும்.

இன்னொண்ணு, திரையில பூமேல விரல வெச்சு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், அப்புறம் வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுங்க. தும்பை மாதிரி வெள்ளைப் பூவுக்கு இது கட்டாயம். போன் சுத்தி இருக்கற பச்சையப் பாத்து வெளிச்சத்த ஏத்திடும், தும்பைப்பூ வெறும் வெள்ளைத் திட்டாப் போயிடும், இதழ்ல இருக்கற மடிப்பு எதுவும் தெரியாது. படம் கொஞ்சம் இருட்டா இருந்தா பின்னாடி ஏத்திக்கலாம், வெளுத்துப் போனத ஒண்ணும் பண்ண முடியாது.

காலேஜ்ல படிக்கிறேன் அண்ணா. டிஎஸ்எல்ஆர் இருக்கு, மேக்ரோ லென்ஸ் விலை கட்டுப்படியாகல. வேற வழி?
மாணவர், கோவை

பழைய 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு, அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் வர்ற துளை, அத மாத்தற வளையம் லென்ஸ்மேலயே இருக்கற மாடலாப் பாத்து செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க தம்பி, கூட ஒரு ரிவர்ஸ் ரிங். லென்ஸத் தலைகீழாத் திருப்பி மாட்டினா ஏறக்குறைய 1:1 வந்துடும், அதாவது 8 மில்லிமீட்டர் விஷ்ணுகிராந்திப்பூ கேமராவுக்குள்ள படம் பதியற சென்சார்மேலயும் 8 மில்லிமீட்டராவே விழும், உங்க கேமரா சென்சார் 23, 24 மில்லிமீட்டர் அகலம்னா படத்துல மூணுல ஒரு பங்கு பூ. ஆட்டோ ஃபோகஸ் போயிடும், பரவால்ல, இந்த வேலைக்கு அது உபத்திரவம்தான். தூரத்த ஃபிக்ஸ் பண்ணிட்டு நீங்கதான் உடம்ப முன்ன பின்ன அசைச்சு ஃபோகஸ் பிடிக்கணும், மூச்ச விட்டுட்டு கிளிக் பண்ணணும்.

இங்க ஒரு கணக்கு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. எஃப் எண்ணு கூடக் கூடத் துளை சின்னதாகும், தெளிவு ஆழம் கூடும், ஆனா 1:1ல எஃப்/8 வெச்சாலும் தெளிவா வர்ற ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சரி எஃப்/22க்குப் போயிடலாமேன்னு தோணும், போனா சின்னத் துளையில வெளிச்சம் சிதறி, டிஃப்ராக்ஷன்பாங்க, அதுல மொத்தப் படமும் மெத்துன்னு ஆயிடும். எஃப்/8ல இருந்து எஃப்/11 வரைக்கும் வெச்சுக்கிட்டு, பூவோட முகத்துக்கு நேரா, சென்சாரும் இதழும் ஒரே தளத்துல வர்ற மாதிரி பிடிச்சா இருக்கற ஒரு மில்லிமீட்டர முழுசா உபயோகப்படுத்திக்கலாம். ஃபோகஸ மாத்தி மாத்திப் பல படம் எடுத்து ஒண்ணாச் சேக்கற ஃபோகஸ் ஸ்டாக்கிங்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வெளியில காத்து அடிச்சா அது நடக்கற காரியமும் இல்ல.

காத்து அடிச்சா என்ன பண்றது?
வாசகர், திருநெல்வேலி

காத்திருக்கறதுதான். இல்லன்னா விடிஞ்ச உடனே போறது. குடைய விரிச்சுத் தரையில சாய்ச்சு வெச்சா ஓரளவு மறைக்கும், வெள்ளைக் குடையா இருந்தா உச்சி வெயிலையும் மெத்துன்னு ஆக்கிக் குடுக்கும்.

முதல்ல எந்தப் பூவுல ஆரம்பிக்கலாம்? சுலபமா கிடைக்கறதாச் சொல்லுங்க.
ஆசிரியை, கரூர்

மூக்குத்திப்பூ. வெட்டுக்காயப் பூண்டும்பாங்க, தாத்தாப்பூன்னும் சொல்லுவாங்க, சின்ன வயசுல வெட்டுக்காயத்துக்கு இலையக் கசக்கிப் பிழிஞ்சிருப்பீங்க. வெப்ப மண்டல அமெரிக்காவுல இருந்து வந்து ஊரு பூரா பரவின செடி, வருஷம் பூரா பூக்கும், நீளமான காம்பு தரையில இருந்து தனியா எழும்பி நிக்கறதால பின்னணி சுத்தமாக் கிடைக்கும், பழகறதுக்கு இத விடத் தோதா ஒண்ணு கிடையாது.

நாம ஒரு பூன்னு நினைக்கறது நிஜத்துல ஒரு கூட்டம் டீச்சர். ஓரத்துல வெள்ளையா, லேசா மஞ்சள் ஓடி நிக்கறது ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பூ, அதோட நுனியப் பெருசு பண்ணிப் பாருங்க, மூணு பல்லா வெட்டி விட்டிருக்கும். நடுவுல மஞ்சளா மொத்தையாத் தெரியறது பூராவும் குட்டிக் குட்டிக் குழல் பூ, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு முனை. அதெல்லாம் ஒரே நாள்ல திறக்காது, வெளி வட்டம் முதல்ல விரியும், நடுவுல இருக்கறது இன்னும் மொட்டாவே இருக்கும். பிள்ளைங்ககிட்ட ஒரே பூவ நாளுக்கு ஒரு தடவ எடுக்கச் சொல்லுங்க, வட்டம் உள்நோக்கிச் சுருங்கறதப் பாத்து அவங்களே வந்து சொல்லுவாங்க, கடைசியில அது பஞ்சு விதையாப் பறக்கற வரைக்கும் விடமாட்டாங்க.

அடுத்தது கானாவாழை. நீலத்துல ரெண்டு இதழ் பெருசா, மூணாவது கீழ சின்னதா, நடுவுல மஞ்சளாத் தெரியறதுல சிலது மகரந்தம் தர்றதே இல்ல, பூச்சிய வரவழைக்க வெச்ச போலி. காலைல திறந்தா மத்தியானத்துக்குள்ள சுருங்கிடும், பதினோரு மணிக்கு மேல சாவகாசமாப் போனா ஏமாந்துதான் வரணும். இந்தச் செடி மண்ணுக்கு அடியிலயும் பூக்கும் தெரியுமா? அந்தப் பூ திறக்கவே திறக்காது, தானே கருவுற்று அங்கயே விதையாயிடும். மேல எத்தனை தடவ பிடுங்கினாலும் திரும்பி வருதேன்னு விவசாயிங்க திட்டறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணிய ஸ்ப்ரே பண்ணி எடுத்தா பனித்துளி மாதிரி நல்லா இருக்குமே?
வாசகர், ஓசூர்

நல்லாத்தான் இருக்கும். மதியம் ரெண்டு மணி வெயில்ல பனித்துளின்னு போட்டா எனக்குச் சிரிப்பு வரும், அவ்ளோதான். ஆனா ஒண்ணு, ஸ்ப்ரே பண்ணாலும் பண்ணுங்க, மறைக்குதுன்னு பக்கத்துச் செடியப் பிடுங்கறது, பூவக் கிள்ளிக் கொண்டுபோய் வசதியான இடத்துல சொருகறது வேண்டாம். மறைக்கற புல்ல ஒரு குச்சியால ஒதுக்கிப் பிடிச்சு எடுத்துட்டு விட்டுடலாம்.

சென்னையில அபார்ட்மென்ட்ல இருக்கோம், மூணாவது மாடி. மண்ணே கிடையாது, களைக்கு எங்க போறது?
வாசகி, வேளச்சேரி

உங்க துளசித்தொட்டியிலயே இருக்கு. நீங்க வைக்காத செடி ஒண்ணு அதுல வந்திருக்கும் பாருங்க, புளியாரையா இருக்கலாம், கீழாநெல்லியா இருக்கலாம். கீழாநெல்லின்னா இணுக்க மெதுவாத் திருப்பிப் பாருங்க, அடியில வரிசையா ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்ல வெளிர் பச்சைப் பூ தொங்கும், அத்தனை வருஷமா மஞ்சக்காமாலைக்குன்னு பேசின செடி, பூவப் பாத்தவங்க எத்தன பேரு? அப்புறம் கார் பார்க்கிங்ல சுவரும் தரையும் சேர்ற விரிசலுக்குப் போங்க, அங்க அம்மான் பச்சரிசி கட்டாயம் இருக்கும். வாட்ச்மேன் என்ன தேடறீங்கன்னு கேப்பாரு, போட்டோவக் காட்டுங்க, மறுநாள்ல இருந்து அவரே கூப்பிட்டுச் சொல்லுவாரு.

பார்த்தீனியத்தையும் அழகா எடுத்துப் போடறாங்க. ஊரக் கெடுக்கற செடிய இப்படிக் கொண்டாடலாமா?
விவசாயி, தாராபுரம்

நியாயமான கோவம் ஐயா. படம் எடுக்கறது செடிக்கு நற்சான்று குடுக்கறது ஆகாது. பார்த்தீனியத்தோட ஒரு பூந்தலை சில மில்லிமீட்டர்தான், அத லென்ஸ்ல பாத்தா அஞ்சு மூலையில அஞ்சு குட்டி வெள்ளைப்பூ உக்காந்திருக்கும், பாக்க லட்சணமாத்தான் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். அதே செடிதான் தோல்ல அரிப்பும் மூச்சிரைப்பும் தருது, பயிர வளரவிடாமத் தடுக்குது. எடுக்கறவங்களுக்கு நான் சொல்றது, அதுக்குள்ள போய்ப் படுக்காதீங்க, வெறுங்கையால தொடாதீங்க, படத்தப் போடும்போது இது என்ன செடின்னு சேத்து எழுதுங்க. எடுத்து முடிச்சதும் கையுறை மாட்டி, விதை விழறதுக்கு முன்னாடி வேரோட பிடுங்கிப் போட்டா உங்களுக்கும் சந்தோஷம்.

களைச்செடிய எல்லாம் கலைன்னு உலகத்துல யாராவது மதிச்சிருக்காங்களா, இல்ல நாமளாச் சொல்லிக்கறோமா?
வாசகர், புதுச்சேரி

1503ல ஜெர்மனியில ஆல்பிரெக்ட் ட்யூரர்னு ஒரு ஓவியர் ஒரு புல் கத்தையப் பேத்து வெச்ச மாதிரி, வேர் மண்ணோட வரைஞ்சிருக்காரு, அதுல ரோஜாவும் இல்ல லில்லியும் இல்ல, புல்லும் வழியோரக் களையும்தான். போட்டோவுன்னு வந்தா கார்ல் ப்ளோஸ்ஃபெல்ட். பெர்லின்ல கலைப்பள்ளி வாத்தியாரு, பசங்களுக்கு டிசைன் சொல்லிக்குடுக்க ரோட்டோரத்துலயும் ரயில் பாதைக் கரையிலயும் செடி பொறுக்கிட்டு வந்து, தானே செஞ்ச கேமராவுல 30 மடங்கு வரைக்கும் பெருசாக்கி எடுத்தாரு. சாதா அட்டைதான் பின்னணி. முப்பது வருஷத்துக்கு மேல சத்தமில்லாம எடுத்துட்டே இருந்த மனுஷன், 1928ல அது புத்தகமா வந்தப்போ வயசு 63. அந்தப் படத்த எல்லாம் பாத்தா இரும்பு கேட்டோட வளைவும் கோயில் தூணும் ஞாபகம் வரும், செடின்னே தோணாது.

எடுத்த பூவுக்குப் பேரு தெரியல, என்ன செய்யலாம்?
ஓய்வு பெற்ற தபால்காரர், திருச்சி

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்னு ரெண்டு வெப்சைட் இருக்கு, ரெண்டுலயும் போட்டோவ ஏத்தலாம், தெரிஞ்சவங்க பாத்துச் சொல்லுவாங்க. ஆனா பூவ மட்டும் எடுத்துப் போட்டா அவங்களாலயும் சொல்ல முடியாது, இலையோட மேல் பக்கம், அடிப்பக்கம், தண்டு, காய் இருந்தா காய், பக்கத்துல அளவுக்கு ஒரு ரூபாய் காசு, இதெல்லாம் சேத்து எடுங்க. நீங்க திருச்சியில இருக்கீங்க ஐயா, செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினாட் ஹெர்பேரியம் இருக்கு, தமிழ்நாட்டுச் செடிங்கள உலர்த்திச் சேத்து வெச்சிருக்கற முக்கியமான இடம். ஊருப் பேரையும் குறிச்சு வெங்க, பொன்னாங்கண்ணின்னு கேட்டா தெருவுக்குத் தெரு வேற செடியக் காட்டுவாங்க, அதுவும் ஒரு தகவல்தான்.

மாமியார் வாரம் ஒரு தடவ வாசல் பூரா களை பிடுங்கிடறாங்க. நான் எடுக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுது!
வாசகி, மதுரை

சண்டை வேணாம், பேரம் பேசுங்க. மூணுக்கு மூணு அடி ஒரு மூலை மட்டும் கேளுங்க. புளியாரை இருந்தா ரொம்ப நல்லது, சின்னதா வெளிர் நீலத்துல தரையோட தரையாப் பறக்குமே ஒரு வண்ணத்துப்பூச்சி, அதோட புழு புளியாரை இலையத்தான் சாப்பிடும். முதல்ல அந்தப் புழுவ எடுத்துக் காட்டாதீங்க, வண்ணத்துப்பூச்சியக் காட்டுங்க. மாமியார்களுக்கு வரிசை முக்கியம்.

நாங்க எடுத்தத அனுப்பினா போடுவீங்களா?
பல பேர், பல ஊர்

தாராளமா. ஆளுக்கு மூணு படம், பேரு தெரிஞ்சா பேரு, எடுத்த இடம், நேரம். ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுக் கிளம்புங்க, அப்பதான் கட்டாந்தரைகூட முளைச்சுப் பூத்து நிக்கும், புல்லுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி குச்சியால தட்டிட்டு வைங்க, விரியனும் அங்கதான் இருக்கும், தொட்டா அரிக்கற செந்தட்டி எதுன்னு தெரிஞ்சவங்க ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. ஒரு விண்ணப்பம், போன தடவ பூப்போட்டோ கேட்டப்போ வந்ததுல பாதி செம்பருத்தி. இந்தத் தடவ அரை இஞ்சுக்கு மேல இருக்கற எந்தப் பூவும் வேண்டாம்.