கருப்பையில் எதுவும் தெரியவில்லை, சினைப்பையில் கட்டி!

கேள்வி: எனக்கு ஆறு வாரக் கர்ப்பம். வலது அடிவயிற்றில் வலியும் லேசான உதிரப்போக்கும் இருக்கின்றன. ஸ்கேனில் கருப்பைக்குள் எதுவும் தெரியவில்லை. வலது சினைப்பையில் 3 செ.மீ. கட்டி என்கிறார்கள். இது கருப்பைக்கு வெளியே, குழாயில் கரு தங்கிவிடும் கருக்குழாய்க் கர்ப்பமா, டாக்டர்?

பதில்: முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, கர்ப்பத்துக்குத் தேவையான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் ‘கார்ப்பஸ் லூட்டியம்’ கட்டியாக அது இருக்கக்கூடும், பெரும்பாலும் மூன்றாம் மாதத்தையொட்டித் தானே சுருங்கிவிடும். ஆனால், அந்தக் கட்டி இருப்பதாலேயே கருக்குழாய்க் கர்ப்பம் இல்லை என்றாகிவிடாது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதுதான் அதிகம். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருவியை மெல்ல அழுத்தும்போது, கட்டி சினைப்பையோடு சேர்ந்தே நகர்ந்தால் அது சினைப்பையைச் சார்ந்தது. விலகித் தனியே நகர்ந்தால் கருக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், கட்டியைச் சுற்றி வண்ண வளையமாகத் தெரியும் ‘நெருப்பு வளையம்’ இரண்டிலும் வரும் என்பதால், அதை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன்.

கர்ப்ப ஹார்மோனின் அளவைக் காட்டும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்ய வேண்டும். அளவு மந்தமாக ஏறினால் சந்தேகம் வலுக்கும், நன்றாக ஏறினாலும் முற்றிலும் நீங்கிவிடாது. இதற்கிடையே மயக்கமோ, தோள்பட்டை வலியோ, திடீரென்று கடும் வயிற்றுவலியோ வந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.