வாசகர் கேள்வி பதில்: தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம்

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் என் தாயார் தொடங்கிய மசாலாத் தொழிலை நான் நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு ஒருவரிடம் பணம் கொடுத்து இணையதளம் அமைத்தேன். முகப்பில் பெரிய படங்கள் மாறி மாறி வருகின்றன. பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அதன் வழியாக ஓர் ஆர்டர்கூட வரவில்லை. தொலைபேசியில் அழைப்பவர்கள் மட்டும் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். என்ன குறை?
— ஒரு வாசகி, டர்பன்

பதில்: அம்மையீர், நீங்கள் அனுப்பிய முகவரியை என் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். படங்கள் வந்து சேரும் வரை நெடுநேரம் காத்திருந்தேன். பிறகு விலையைத் தேடினேன். எந்தப் பக்கத்திலும் இல்லை. தொலைபேசி எண் படத்துக்குள் எழுதப்பட்டிருப்பதால், அதைத் தொட்டு அழைக்க முடியவில்லை. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நம் மக்களில் பலர் இவ்வளவு நேரம் பொறுத்திருக்க மாட்டார்கள்.

உங்களை அழைப்பவர்களைத் தொல்லையாக நினைக்காதீர்கள்; உங்கள் தளத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வாரங்களுக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்து, கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ எவ்வளவு, ஜோஹானஸ்பர்க்குக்குக் கூரியரில் அனுப்புவீர்களா, எத்தனை நாளில் வரும், புரட்டாசி விரதத்துக்கு வாங்கும் பொடியில் பூண்டு சேர்ந்திருக்கிறதா என்பவை போன்றவை திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான விடைகளைப் படமாக அல்லாமல் எழுத்தாக முதல் பக்கத்திலேயே வையுங்கள். தேடுபொறிக்கும் எழுத்தைப் படிப்பதே எளிது.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மக்கள் ‘மதர்-இன்-லா மசாலா’ என்று கேட்டு வாங்கும் காரப்பொடிக்கு நீங்கள் ‘சிறப்புக் கலவை எண் 3’ என்று பெயரிட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் யாரும் தேடப் போவதில்லை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள் என்பதால் விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பொருளின் பெயரைத் தமிழிலும் சேர்த்து எழுதினால், அதைக் கண்டு மகிழும் பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

விலையை மறைப்பது வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள்; நான் உடன்பட மாட்டேன், சட்டமும் அதற்கு இடம் தருவதில்லை. இணையத்தில் விற்பவர் தம் முழுப்பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி எண், அனுப்பும் செலவும் வரியும் அடங்கிய முழு விலை, பொருள் சேரும் காலம், திருப்பித் தரும் முறை ஆகியவற்றைத் தளத்தில் வெளியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு கூறுகிறது. வெளியிடத் தவறினால், பொருள் கைக்கு வந்த 14 நாள்களுக்குள் வாங்கியவர் அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்யலாம். வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் சேகரிப்பதாக இருந்தால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவும் உங்களைக் கட்டுப்படுத்தும். தேவைக்கு மேல் எதையும் கேட்காதீர்கள்.

படங்களை அடியோடு நீக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் எடுத்த படம் நான்கைந்து எம்பி வரை இருக்கும். அதை 200 கேபி அளவுக்குச் சுருக்கினாலும் மிளகாய்ப் பொடியின் நிறம் மங்காது. மாறி மாறி வரும் படங்களை எடுத்துவிட்டு, உங்கள் தாயார் பொடி அரைக்கும் படம் ஒன்றை மட்டும் வையுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பலகாரம் விற்கிறேன். எனக்கும் இணையதளம் தேவையா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வாங்குபவர் அனைவரும் உங்கள் வட்டாரத்தினர் என்றால் இப்போதைக்குத் தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் இலவசமாகப் பதிவு செய்தாலே போதும். ஆனால், .co.za என்பதில் முடியும் ஓர் இணைய முகவரியை இப்போதே வாங்கி, உங்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். என் அண்ணனின் தையற்கடைக்குத் தளம் அமைத்தவர் முகவரியைத் தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அவர் ஊர் மாறிப் போன பிறகு புதுப்பிக்க ஆளின்றி அது கைவிட்டுப் போயிற்று. அட்டைகளிலும் கடைப்பலகையிலும் அச்சிட்டிருந்த முகவரியை அண்ணன் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது. எனவே பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லும், ஆண்டுதோறும் வரும் புதுப்பித்தல் அறிவிப்பு செல்லும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவே இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த் வாசகியும் தம் தளத்தை அமைத்தவரிடம் இதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.