கடன் இருந்தால் கிளியரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: வர்ஜீனியாவில் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் என் மகளுக்கு வேலை தயார். அரசு ரகசியங்களைக் கையாள்வதற்கான அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் வந்தால்தான் சேர முடியும். அமெரிக்கக் குடியுரிமை உண்டு. ஆனால் கல்விக் கடன் 60,000 டாலர், கார் கடன் வேறு. கொடுப்பார்களா?

பதில்: தவணை தவறாமல் கட்டிவருகிறார் என்றால் கவலையே வேண்டாம். இவ்வளவுக்கு மேல் கடன் இருக்கக்கூடாது என்று விதியில் எந்தத் தொகையும் இல்லை. கிளியரன்ஸ் தரலாமா என்று எடைபோட 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள 13 நெறிகளில் ‘எஃப்’ என்பதுதான் பணவிவகாரம். கட்டாமல் விட்ட பாக்கி, தாக்கல் செய்யாத வரி, சூதாட்டக் கடன், வருமானத்துக்குப் பொருந்தாத செலவு ஆகியவைதான் அதன் கவலை. சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் கடன் நெருக்கடியில்தான் 1985இல் சோவியத் தூதரகத்தில் 50,000 டாலர் கேட்டு ரகசியம் விற்கத் தொடங்கினார். பிறகு 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார். பிடிபட்டது 1994இல். திடீர்ப் பணமும் சந்தேகப் பட்டியலில் இருப்பது அதனால்தான்.

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன் வேலை போனபோது மூன்று கிரெடிட் கார்டு பாக்கி நின்றுவிட்டது. ஒன்று கலெக்ஷன் ஏஜென்சிக்குப் போனது, ஒன்றை வங்கி வாராக்கடனாக எழுதிவிட்டது. அடுத்த வருடம் என் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்தே மறைந்துவிடுமாம். கிளியரன்ஸுக்கான எஸ்.எஃப்.-86 படிவத்தில் எழுதாமல் விடலாமா?

பதில்: விடவே கூடாது. படிவத்தின் 26ஆம் பிரிவு கேட்பது கடந்த ஏழு ஆண்டுக் கணக்கு. கலெக்ஷனுக்குப் போனது, வாராக்கடனாக எழுதப்பட்டது, 120 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றது எல்லாம் அதில் வரும். கடனுக்காக மறுக்கப்படாதவர்கூட, வேண்டுமென்றே மறைத்ததற்காக, தனிநடத்தையைப் பார்க்கும் ‘இ’ நெறியில் மாட்டிக்கொள்வார். தெரிந்தே பொய் எழுதினால் ஐந்து ஆண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

வாராக்கடனாக எழுதுவது வங்கி தன் கணக்கை நேர்செய்வதற்காக. நீங்கள் தரவேண்டியது தரவேண்டியதுதான். ரிப்போர்ட்டிலிருந்து மறைவதும் அடைத்ததற்குச் சான்று ஆகாது.

முதல் வேலையாக எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்களிலும் ரிப்போர்ட் எடுங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. உங்களுடையது அல்லாத பாக்கி இருந்தால் எழுத்தில் மறுத்து, அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். மற்றவற்றுக்குக் கடன் கொடுத்தவரோடு தவணை பேசுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடைக்கத் தேவையில்லை. கைக்கு எட்டும் திட்டமும், அதன்படி சில மாதம் கட்டிய ரசீதும் பேசும். வேலைநீக்கக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். கைமீறிய காரணத்துக்கு விதியிலேயே சலுகை உண்டு, ஆனால் அந்த நெருக்கடியிலும் பொறுப்பாக நடந்தீர்களா என்பதைப் பார்ப்பார்கள்.

‘கடனைப் பாதியாக்கித் தருகிறோம்’ என்னும் நிறுவனங்களிடம் கவனம். பல இடங்களில் அவர்கள் சொல்லும் முதல் யோசனையே தவணையை நிறுத்துங்கள் என்பது. புது நிலுவை அங்கேதான் முளைக்கும்.

ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு, கிளியரன்ஸ் தரத் தயங்கும் காரணங்களைச் சொல்லும் ஆட்சேபக் குறிப்பு வந்தால் பதில் தர 20 நாள்தான். அதற்குப் பிறகு அவசரமாகக் கட்டிய பணத்துக்கு மதிப்புக் குறைவு.

கேள்வி: கையில் பணமில்லாததால் இரண்டு வருடம் வரி தாக்கல் செய்யவில்லை. ஊரில் அப்பாவோடு கூட்டுக் கணக்கும், நின்றுபோன ஒரு கடனும் இருக்கின்றன. அவற்றையுமா சொல்ல வேண்டும்?

பதில்: வரிதான் இதில் பெரிய முள். கார்டு பாக்கியைவிட இதைக் கடுமையாகப் பார்ப்பார்கள். கட்டப் பணம் இல்லாவிட்டாலும் இந்த வாரமே தாக்கல் செய்துவிட்டு, ஐ.ஆர்.எஸ். என்னும் வரித்துறையிடம் தவணை கேளுங்கள். ஊர்க் கடன் அமெரிக்க ரிப்போர்ட்டில் தெரியாது என்பதற்காக 26ஆம் பிரிவில் விடாதீர்கள். கூட்டுக் கணக்கு வெளிநாட்டுச் சொத்துப் பிரிவில் வரும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தாக்கலும் பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள்.