போர்க்களத்தில் உயிரி ஆயுதம்

அன்புள்ள ஐயா,

நோய்க்கிருமிகளைப் பரப்பும் உயிரி ஆயுதம் மலிவானது, ஏவியவரைக் கண்டுபிடிப்பதும் கடினம் என்கிறார்கள். பிறகு ஏன் பெரிய போர்களில் அது பெரிதாகப் பயன்படவில்லை? உலக நாடுகளின் தடைதான் காரணமா?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

தடையும் ஒரு காரணம், முதல் காரணமல்ல. 1925இன் ஜெனீவா நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் போரில் பயன்படுத்துவதை மட்டுமே தடுத்தது. தயாரிக்கலாம், சேமித்தும் வைக்கலாம். 'எதிரி தொடங்கினால் நாங்களும் விடமாட்டோம்' என்ற நிபந்தனையோடுதான் பல நாடுகள் அதை ஏற்றன.

உண்மையில் இந்த ஆயுதம் தளபதிக்குப் பயன்படாது. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் எதிரி முடங்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. கிருமி தொற்றியவர் படுக்கையில் விழ நாட்களாகும், சிலருக்கு வாரங்களும் ஆகலாம். அதுவரை அவர் சண்டையிட்டுக்கொண்டுதான் இருப்பார். வெயிலும் காற்றும் எந்தப் பக்கம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் தொற்றும் நோயென்றால் எல்லைக்கோடு அதற்குத் தெரியாது.

1942இல் சீனாவின் செஜியாங் பகுதியில் ஜப்பானியப் படை இதை அனுபவித்தது. கிருமி தூவப்பட்ட இடங்களுக்குள் அவர்களுடைய வீரர்களே நுழைந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 1,700 பேர்வரை இறந்தனர், பெரும்பாலும் காலராவால் என்று பிடிபட்ட ஜப்பானியர் ஒருவர் சொன்னார். சீனக் குடிமக்கள் செத்தது அதைவிடப் பல மடங்கு. ஆக இது கொல்லாத ஆயுதம் அல்ல. யாரைக் கொல்வது என்று கேட்டு நடக்காத ஆயுதம்.

ஆடுமாடுகளையும் மனிதரையும் தாக்கும் ஆந்த்ராக்ஸ் என்ற கிருமிநோய் ஆளுக்கு ஆள் பரவுவது அரிது. ஆனால் அதன் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமிகள், மண்ணில் தங்கிவிடும். ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் பிரிட்டன் 1942இல் செம்மறி ஆடுகளை வைத்துச் சோதனை நடத்தியது. 1986இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து தெளித்தார்கள். தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தது 1990இல். இத்தனைக்கும் அது ஆளில்லாத சிறு தீவு. பிடித்த நிலத்தில் கால்வைக்க அரை நூற்றாண்டு காத்திருப்பதற்கு யார் போர் தொடுப்பார்கள்?

கண்டுபிடிக்க முடியாது என்பதும் பாதிதான் சரி. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் குறைந்தது 66 பேர் ஆந்த்ராக்ஸில் இறந்தனர். கெட்டுப்போன இறைச்சி என்றது அரசு. பின்னாளில் ஆய்வாளர்கள், கிருமி கசிந்த நாளன்று நோயுற்றவர்கள் பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, ராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒடுக்கமான பட்டையாக அவை விழுந்தன. ஆடுமாடுகள் 50 கிலோமீட்டர் தொலைவுவரை இறந்திருந்தன. 1992இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டார். போரே இல்லாமல், சொந்த மக்கள் மேல்!

அமெரிக்கா 1969இல் இந்த ஆயுதத்தைத் துறந்ததில் தளபதிக்குப் பயன்படாது என்ற கணக்குக்கும் பங்குண்டு; அணு ஆயுதம் கையில் இருக்க இது எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. தயாரிப்பையும் சேமிப்பையும் தடுக்கும் உடன்படிக்கை 1972இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியம் அதன் பிறகுதான் தன் ரகசியத் திட்டத்தைப் பெருக்கியது. உள்ளே போய்ப் பார்க்கும் ஆய்வாளர் என்று எவரையும் உடன்படிக்கை ஏற்படுத்தவில்லை. அப்படியொரு முறையைக் கொண்டுவர நடந்த பேச்சும் 2001இல் முறிந்தது.