சூப்பர்லெஜ்ஜெரா நாற்காலிக்கு ஆணி வேண்டாம்

வணக்கம் சகோ. மிலானில் பழைய பொருள் கடையில் வாங்கிய இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜியோ போன்டி வடிவமைத்த சூப்பர்லெஜ்ஜெரா நாற்காலியில் பிரம்பு தொய்ந்துவிட்டது, மேலே பலகை வைத்து ஆணி அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்!

அதன் உயிரே எடையில்தான் இருக்கிறது. 1957-இல் கசீனா நிறுவனம் வெளியிட்டபோது மொத்தமே 1.7 கிலோ. காலைத் தடவிப் பாருங்கள், உருண்டையாக இருக்காது. 18 மில்லிமீட்டர் அளவில் முக்கோணமாக இருக்கும். அவ்வளவு மெல்லிய ஆஷ் மரத்தில் ஆணி இறங்கினால் பிளந்துவிடும்.

இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் கியாவரி ஊர்க்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து செய்துவரும் நாற்காலிதான் இதற்கு மூலம். போன்டி அதில் வேண்டாததையெல்லாம் பல வருடம் கழித்துக்கொண்டே வந்தார். மிலானில் இருக்கும்போதே அவருடைய பிரெல்லி கோபுரத்தையும் பாருங்கள். 127 மீட்டர் உயரக் கட்டடம், ஆனால் இரு ஓரமும் மெலிந்து போவதால் கனமே தெரியாது. எனக்கு இரண்டும் ஒரே கை வேலையாகத்தான் படுகிறது.

பிரம்பு இழை அறுந்திருக்கிறதா? இல்லையென்றால் நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு நிழலில் நன்றாகக் காயட்டும், அதுவரை யாரும் உட்கார வேண்டாம். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். என் வீட்டுப் பிரம்பு நாற்காலிக்கு இப்படித்தான் செய்தேன். அறுந்திருந்தால் பிரம்பு பின்னத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய பின்னலை முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலின் படம் ஒன்று போடுங்களேன், பார்க்க ஆசையாக இருக்கிறது.